அறுத்த ஆட்டின் தசையில் கிளைக்கோஜன் சிதைவை அளப்பது: முதல் 24 மணி நேரத்துக்கான முழுமையான வழிகாட்டி

இறைச்சி அறிவியல் ஆய்வுக்காக முதன்முறை ஆடுதொட்டிக்குப் போகிற மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கேட்பதற்கு வேலை எளிது. அறுத்த நேரத்திலிருந்து ஒரு நாள் வரை தசைத்துண்டுகளை எடுக்க வேண்டும். தசை சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் எவ்வளவு குறைந்தது, லாக்டிக் அமிலம் எவ்வளவு ஏறியது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எப்படி இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆடு செத்துவிட்டது, இனி தசை சும்மா இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். நொதிகள் சும்மா இருப்பதில்லை. உங்கள் உள்ளங்கையிலும் பனிப்பெட்டியிலும் சோதனைக்குழாயிலும் அவை வேலையைத் தொடர்கின்றன. முதலில் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் அளக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

1. தசைக்குள் நடப்பதை இந்த அளவுக்காவது தெரிந்துகொள்ளுங்கள்

கழுத்தை அறுத்ததும் தசைக்கு ரத்த ஓட்டம் நிற்கிறது, ஆக்சிஜன் வருவதில்லை. ஆனால் தசைச் செல் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழிப்பது நிற்பதில்லை. அதை ஈடுகட்டக் கையிருப்பில் உள்ள கிளைக்கோஜனை உடைக்கிறது.

பாஸ்பாரிலேஸ் என்ற நொதி கிளைக்கோஜன் சங்கிலியின் நுனியிலிருந்து குளுக்கோஸ் அலகுகளை ஒவ்வொன்றாக, பாஸ்பேட் ஒட்டிய வடிவில் கழற்றுகிறது. கிளை பிரியும் இடத்துக்கு நான்கு அலகு தள்ளி அது நின்றுவிடும். அங்கிருந்து கிளைநீக்கி நொதி வர வேண்டும். அது கிளைப்புள்ளியில் இருக்கும் அலகைப் பாஸ்பேட் இல்லாத வெறும் குளுக்கோஸாக வெளியே விடுகிறது. இந்தச் சின்ன விவரத்தை மறக்காதீர்கள், 8-ஆம் படியில் தேவைப்படும்.

கழன்று வந்த ஒவ்வொரு குளுக்கோஸ் அலகும் கடைசியில் இரண்டு லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) ஆகிறது. கூடவே அமிலத்தன்மை ஏறுகிறது. உயிருள்ள தசையில் 7.0 முதல் 7.2 வரை இருந்த பி.எச்., எல்லாம் ஒழுங்காக நடந்தால் 5.5 அளவில் போய் நிற்கும். கிளைக்கோஜன் தீர்ந்துபோனால் இறக்கம் நிற்கும். இருப்பு மீதமிருந்தாலும், அமிலம் ஏறி நொதிகள் முடங்கும்போது, அவற்றைத் தூண்டும் ஏ.எம்.பி.யும் (ஏ.டி.பி. சிதைந்து வரும் பொருள்) தீரும்போது நின்றுவிடும். ஆகவே 24 மணிக்குப் பிறகும் கிளைக்கோஜன் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் பயப்படாதீர்கள், அது தவறான முடிவு அல்ல.

2. முந்தைய நாளே தயாராக வேண்டியவை

ஆடுதொட்டியில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அங்கே போய்ப் பை பிரித்துத் தேடினால் முதல் மாதிரி போய்விட்டது என்று அர்த்தம். இவை முந்தைய மாலையே தயாராக இருக்கட்டும்:

குத்தி அளக்கும் கூர்முனை எலக்ட்ரோடு கொண்ட பி.எச். மீட்டர், 7.00 மற்றும் 4.01 பஃபர்கள், தசைக்குள் செருகும் வெப்பமானி, திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவை, நீண்ட இடுக்கி, கூரான கத்தியும் பிளேடுகளும், அலுமினியத் தாள், பென்சிலில் எழுதிய அட்டைகள், பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை.

அட்டைகளை முன்பே எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மாணவி அருமையாக மாதிரி வெட்டினார். வெட்டிய துண்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் பேனாவைத் தேடினார். துண்டு கையில் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் ஏ.டி.பி. செலவு, ஒவ்வொன்றும் கிளைக்கோஜன் செலவு. இரண்டு நிமிடம் கழித்து நைட்ரஜனில் போட்டார். வரைபடத்தில் அந்தப் புள்ளி மட்டும் தனியாகக் கீழே தொங்கியது.

பி.எச். மாதிரிக்கான நிறுத்தக் கரைசலையும் முந்தைய நாள் மாலை கலந்து குளிரில் வையுங்கள்: 5 மில்லிமோலார் சோடியம் அயோடோஅசிட்டேட், 150 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, பி.எச். 7.0-க்குச் சரிசெய்தது. அயோடோஅசிட்டேட் சர்க்கரைச் சிதைவின் நடுவில் உள்ள ஒரு நொதியைப் பிடித்துப் பூட்டிவிடும், அதற்குப் பிறகு லாக்டேட் உருவாகாது. இது நஞ்சு, வெளிச்சத்திலும் கெடும். பழுப்புப் புட்டியில், கையுறையோடு கையாளுங்கள். கிளைக்கோஜன் மாதிரிக்கு 0.6 மோலார் பெர்குளோரிக் அமிலம் தனியாக வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், அவசரத்தில் கை மாறிவிடும்.

3. ஆட்டின் முந்தைய 24 மணி நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. எண்கள் வந்த பிறகு எதையும் விளக்க முடியாமல் தவிப்பதும் இதனால்தான்.

எங்கிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் வண்டியில் நின்றது, எப்போது கடைசியாகத் தின்றது, தண்ணீர் கிடைத்ததா, கொட்டடியில் முட்டிக்கொண்டதா, அறுக்குமிடத்துக்கு இழுத்து வந்தார்களா, நடந்து வந்ததா என்று எழுதுங்கள். இனத்தையும் எழுதுங்கள். கன்னி இன வெள்ளாடும் மேச்சேரி இனச் செம்மறியும் ஒரே அட்டவணையில் கலந்துவிடக் கூடாது. வெள்ளாடு எளிதில் மிரளும். அதன் இறுதி பி.எச். செம்மறியைவிட உயர்ந்து நிற்பது அடிக்கடி காணப்படுவது.

நீண்ட நேரப் பட்டினியும் பயணமும் கிளைக்கோஜன் இருப்பையே குறைத்துவிடும். அந்த ஆட்டில் அமிலம் போதிய அளவு உருவாகாது. பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும், கறி கருஞ்சிவப்பாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும், சீக்கிரம் கெடும். அறுப்பதற்குச் சில நிமிடம் முன்பு துரத்திப் பிடித்த ஆட்டின் கதை வேறு. இருப்பு பெரிதாகக் குறைந்திருக்காது, ஆனால் அட்ரினலின் பாஸ்பாரிலேஸைத் தட்டி எழுப்பியிருக்கும், இறக்கம் வேகமாக இருக்கும். ஒன்று இறக்கம் எவ்வளவு ஆழம் போகும் என்பதை மாற்றுகிறது, மற்றது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை. குறிப்பு இல்லாமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.

4. எலக்ட்ரோடை அங்கேயே அளவுத்திருத்தம் செய்யுங்கள்

ஆய்வகத்தில் செய்துவிட்டு வந்தேன் என்று சொல்லாதீர்கள். பயணத்தில் எலக்ட்ரோடு உலரும், வெப்பநிலை மாறும்.

முதலில் 7.00, பிறகு 4.01. சரிவு (பி.எச். மாற்றத்துக்கு எலக்ட்ரோடு காட்டும் மறுவினை) 95 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எலக்ட்ரோடில் புரதமும் கொழுப்பும் படிந்திருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி, பெப்சின் கலந்த அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். வெறும் காய்ச்சிவடித்த நீரில் வைத்தால் எலக்ட்ரோடு பாழாகும்.

மீட்டரில் உள்ள வெப்பநிலைச் சரிக்கட்டல் எலக்ட்ரோடின் சரிவை மட்டும் சரிசெய்கிறது. தசையின் பி.எச். வெப்பநிலையோடு தானே மாறுவதை அது சரிசெய்யாது. ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 0.01 முதல் 0.02 வரை பி.எச். ஏறும். 38 டிகிரியில் குத்தி எடுத்த எண்ணையும் 25 டிகிரியில் அரைத்து எடுத்த எண்ணையும் ஒரே கோட்டில் இணைக்காதீர்கள். எந்த முறை என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

5. கடிகாரத்தைக் கத்தி வைக்கும் நொடியில் தொடங்குங்கள்

பூச்சிய நேரம் என்பது கழுத்து அறுபடும் நேரம். தோல் உரித்த நேரமோ, தொங்கவிட்ட நேரமோ கிடையாது. உரிப்பதற்கு ஆளுக்கு ஆள் நேரம் மாறும். அதைத் தொடக்கமாக வைத்தால் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு கடிகாரம் ஆகிவிடும்.

அறுப்பவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "பாய், கத்தி வைக்கும்போது ஒரு குரல் கொடுங்க" என்றால் போதும். அவர் வேலைக்குக் குறுக்கே நிற்காமல், எந்தப் பக்கம் முதலில் உரிப்பார் என்றும் கேட்டுவையுங்கள். முதுகுத்தசை சீக்கிரம் திறந்து கிடைக்கும்.

மாதிரி நேரங்களாக நான் வைப்பது: தசை கைக்குக் கிடைத்த உடனே ஒன்று, 45 நிமிடம், 3, 6, 12, 24 மணி. முதல் மாதிரி 15-ஆம் நிமிடமா, 20-ஆம் நிமிடமா என்பதை உள்ளபடியே எழுதுங்கள். அதைப் பூச்சியம் என்று எழுதிவிடுவது நிறையப் பேர் செய்கிற பிழை. அந்த முதல் கால் மணியில் துடிப்பிலேயே கணிசமான கிளைக்கோஜன் போயிருக்கும்.

6. ஒரே தசை, ஒரே பக்கம், புதிய இடம்

முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் தசையை எடுங்கள். கறிக்கடையில் சாப்ஸ் வெட்டும்போது நடுவில் வட்டமாகத் தெரிவது அதுதான். தொடை ஒருநாள், முதுகு ஒருநாள் என்று மாற்றக் கூடாது. தசைக்குத் தசை நார் வகை வேறு, கிளைக்கோஜன் இருப்பும் வேறு.

இடது பக்கத்தைக் குத்தி அளக்கவும், வலது பக்கத்தை வெட்டி எடுக்கவும் ஒதுக்குங்கள். கத்தி பட்ட இடத்தில் தசை தூண்டப்பட்டுச் சிதைவு வேகமாகும், ஆகவே அடுத்த மாதிரியைப் பழைய வெட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி எடுங்கள். எலக்ட்ரோடுக்கும் பழைய துளை வேண்டாம். துளை உலர்ந்திருக்கும், எண் தவறும். இரண்டு செ.மீ. ஆழம், எலும்பில் மோதாமல், மூன்று இடத்தில் குத்திச் சராசரி எடுங்கள். முதலில் பிளேடால் சின்னக் கீறல் போட்டுவிட்டுச் செருகினால் கண்ணாடி நுனி உடையாது.

ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில் தசையின் வெப்பநிலையை எழுதுங்கள். பி.எச். மட்டும் இருந்து வெப்பநிலை இல்லையென்றால் 9-ஆம் படியைச் செய்யவே முடியாது.

7. நிறுத்துங்கள்: வெட்டியதிலிருந்து பத்து நொடிக்குள்

மாதிரி கொழுப்பும் சவ்வும் நீக்கியதாக, மெல்லிய சீவலாக, அரை செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும். தடித்த துண்டின் மேற்புறம் உடனே உறைந்தாலும் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கே நொதிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

சீவலை அலுமினியத் தாளில் தட்டையாக மடித்து இடுக்கியால் நைட்ரஜனில் அமிழ்த்துங்கள். கொதிப்பு அடங்கும் வரை விடக்கூடாது. இறுக்கி மூடிய குப்பியை நைட்ரஜனுக்குள் போடவே கூடாது. உள்ளே கசிந்த நைட்ரஜன் வெளியே எடுத்ததும் விரிந்து குப்பியை வெடிக்கவைக்கும்.

வீட்டு ஃப்ரீசர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தசை மெதுவாக உறையும்போது, நீர் பனியாகி மீதிக் கரைசல் செறிவாகிறது, அந்தக் கட்டத்தில் சிதைவு தொடர்கிறது. உறைந்த மாதிரிகளைக் கழித்தல் 80 டிகிரியில்தான் வைக்க வேண்டும்.

உறைந்த மாதிரியை மேசையில் வைத்து இளகவிட்டுப் பிறகு எடை போடுவது இந்த வேலையிலேயே பெரிய பிழை. விறைப்பு ஏறும் முன் உறைந்த தசை இளகும்போது, செல்லுக்குள் அடைந்திருந்த கால்சியம் மொத்தமாக வெளியே கொட்டுகிறது. கால்சியம் தசையைச் சுருக்குகிறது, பாஸ்பாரிலேஸையும் முடுக்குகிறது. ஒருமுறை கண்ணாடித் தட்டில் அப்படி ஒரு சீவலை வைத்துப் பாருங்கள். விரல் நீளத் துண்டு கண்ணெதிரே சுருண்டு குறுகி, சுற்றிலும் சிவப்பு நீர் விடும். அந்தச் சில நிமிடத்தில் நீங்கள் அளக்க வந்த கிளைக்கோஜனில் பெரும்பகுதி போய்விடுகிறது. எனவே நைட்ரஜன் ஊற்றிய கல்வத்திலேயே பொடித்து, பொடியாகவே எடை போட்டு, குளிர்ந்த அமிலத்துக்குள் நேராகக் கொட்டுங்கள். இளகும் வாய்ப்பே கொடுக்கக் கூடாது.

அரைத்துப் பார்க்கும் பி.எச். முறை என்றால், அதே நேரத்தில் 1 கிராம் தசையை 10 மி.லி. அயோடோஅசிட்டேட் கரைசலில் போட்டு உடனே அரைத்துவிடுங்கள். பிறகு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து நிதானமாக அளக்கலாம். வெறும் தண்ணீரில் அரைத்தால் மீட்டரில் எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். மீட்டர் பழுது என்று நினைத்து எலக்ட்ரோடை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது, நொதிகளை யாரும் நிறுத்தவில்லை.

8. கிளைக்கோஜனை அளப்பது

1 கிராம் உறைந்த பொடியை 9 மி.லி. குளிர்ந்த பெர்குளோரிக் அமிலத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். இப்போது கலங்கலாக ஒரு திரவம் இருக்கும். கைப்பழக்கத்தில் அதை உடனே சென்ட்ரிஃப்யூஜில் போட்டுவிடாதீர்கள். கிளைக்கோஜனில் ஒரு பகுதி புரதத்தோடு சேர்ந்து அமிலத்தில் படியும். அடியில் படிந்ததைக் கொட்டினால் அதையும் கொட்டியதாக ஆகும். கிளைக்கோஜனுக்கு முழுக் கலங்கலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கலங்கல் 0.2 மி.லி., 1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட் 0.1 மி.லி., கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக உடைக்கும் அமைலோகுளுக்கோசிடேஸ் நொதி கலந்த அசிட்டேட் பஃபர் (பி.எச். 4.8) 0.7 மி.லி. சேர்த்து 40 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பைகார்பனேட்டை நொதிக்கு முன்னால் ஊற்றுங்கள். அமிலம் முறியாமல் நொதியை விட்டால் அது செத்துப்போகும், கிளைக்கோஜன் பூச்சியம் என்று முடிவு வரும். நுரை அடங்கிய பிறகே மூடி போடுங்கள்.

பிறகு சென்ட்ரிஃப்யூஜ் செய்து, தெளிந்த நீரில் 0.05 மி.லி. எடுத்து, ஹெக்சோகைனேஸ் முறையில், மொத்தம் 1 மி.லி. குவெட்டில், 340 நானோமீட்டரில் குளுக்கோஸை அளக்கவும். நொதி மட்டும் போட்ட வெற்றுக்குழாய் ஒன்றும், தூய கிளைக்கோஜன் போட்ட குழாய் ஒன்றும் கட்டாயம் வேண்டும். முன்னது நொதிப்பொடியில் கலந்திருக்கும் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும், பின்னது உடைப்பு முழுமையா என்று சொல்லும்.

கணக்கு இப்படி. ஒளி உறிஞ்சல் 0.311 என்று வைத்துக்கொள்வோம். அதை 6.22 ஆல் (அளவீட்டில் உருவாகும் என்.ஏ.டி.பி.எச்.-இன் மில்லிமோலார் உறிஞ்சல் கெழு) வகுத்தால் குவெட்டில் 0.05 மில்லிமோலார். குவெட்டில் 20 மடங்கு, உடைப்புக் குழாயில் 5 மடங்கு, அரைத்ததில் 10 மடங்கு நீர்த்திருக்கிறோம், மொத்தம் 1000 மடங்கு. ஆக ஒரு கிலோ தசைக்கு 50 மில்லிமோல் குளுக்கோஸ் அலகு.

இந்த 50-இல் ஏற்கெனவே வெறும் குளுக்கோஸாகவும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாகவும் இருந்ததும் அடங்கும், அதைக் கழிக்க வேண்டும். மீதிக் கலங்கலை சென்ட்ரிஃப்யூஜ் செய்து, அமிலத்தை முறித்து, உடைக்காமல் அளந்துகொள்ளுங்கள். குவெட்டில் முதலில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் மட்டும் விட்டு எண் நின்றதும் குறியுங்கள், அப்புறம் ஹெக்சோகைனேஸ். இரண்டையும் ஒன்றாக விட்டால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முதல் மாதிரியில் வெறும் குளுக்கோஸ் மிகக் குறைவுதானே, கழிக்காவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் கிளைநீக்கி நொதி நேரம் போகப்போக வெறும் குளுக்கோஸைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கழிக்காமல் விட்டால் 24-ஆம் மணியில் கிளைக்கோஜன் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

லாக்டேட்டுக்கும் இதே தெளிந்த நீர் போதும். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் கொண்ட வழக்கமான கிட் எதுவும் சரிதான்.

9. எண்களைச் சோதியுங்கள், பிறகு வாசியுங்கள்

ஒரு குளுக்கோஸ் அலகு இரண்டு லாக்டேட் என்பதால், கிளைக்கோஜன், குளுக்கோஸ், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் மூன்றின் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கி லாக்டேட்டைக் கூட்டினால், அந்த ஆட்டுக்கு எல்லா நேரத்திலும் ஏறத்தாழ ஒரே எண் வர வேண்டும்.

பயிற்சிக்காக முழு எண்களில் ஓர் எடுத்துக்காட்டு, எல்லாம் ஒரு கிலோ தசைக்கு மில்லிமோல் கணக்கில். முதல் மாதிரியில் கிளைக்கோஜன் 80, குளுக்கோஸ் 1, பாஸ்பேட் வடிவம் 2, லாக்டேட் 12 என்றால் 83 இரண்டு மடங்கு 166, அதோடு 12, மொத்தம் 178. 24-ஆம் மணியில் 24, 6, 5, 108 என்றால் 35 இரண்டு மடங்கு 70, அதோடு 108, அதே 178. இங்கே லாக்டேட் 96 ஏறியிருக்கிறது. தசையின் பி.எச். ஓர் அலகு இறங்க ஏறக்குறைய 60 மில்லிமோல் அமிலம் வேண்டும் என்று கொண்டால் 1.6 இறங்கும். 7.1-இல் தொடங்கினால் 5.5. உங்கள் மீட்டர் 6.1 காட்டினால் மீட்டரையோ லாக்டேட்டையோ சந்தேகப்படுங்கள். கூட்டுத்தொகை நடுவில் சட்டென்று குறைந்தால் 8-ஆம் படியில் கிளைக்கோஜன் எங்கோ வடிந்திருக்கிறது. லாக்டேட் ஏறி, கிளைக்கோஜன் குறைந்து, கூட்டுத்தொகை மாறாமல், ஆனால் புள்ளி மட்டும் வரிசை தப்பி நின்றால், அந்த மாதிரி நிறுத்தப்படத் தாமதமாகியிருக்கிறது.

எல்லாம் ஒத்துவந்த பிறகு பி.எச். 6.0-ஐத் தொட்டபோது தசை எத்தனை டிகிரியில் இருந்தது என்று பாருங்கள். 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே 6-க்குக் கீழே போய்விட்டால் புரதம் சேதமாகும், நீர் பிடிக்கும் சக்தி குறையும். பி.எச். 6-க்கு மேலே இருக்கும்போதே தசை 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் தசை கடுமையாகச் சுருங்கி, வேகவைத்தாலும் ரப்பர் போல இருக்கும். நம் ஊர் வெள்ளாட்டில் கொழுப்புப் போர்வை மெல்லியது, உடலும் சிறியது. அறுத்த சூட்டோடு 4 டிகிரிக் குளிர் அறைக்குள் தள்ளினால் இரண்டாவது ஆபத்துதான் வரும். வெளியே தொங்கவிட்டு விற்கும் கடையில் அது வராது, ஆனால் அங்கே 24 மணி நேரம் காத்திருக்கவும் முடியாது. ஆகவே உங்கள் ஆட்டை எங்கே, எத்தனை டிகிரியில், எப்போதிலிருந்து வைத்தீர்கள் என்பது வரைபடத்தின் தலைப்பிலேயே இருக்கட்டும்.

10. கழிவும் மிச்சமும்

அயோடோஅசிட்டேட் கலந்த எதையும் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், தனிக் கேனில் சேருங்கள். பெர்குளோரிக் அமிலம் சிந்திய இடத்தை நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள், காகிதத்தால் துடைத்து அப்படியே குப்பையில் போட வேண்டாம். உலர்ந்தால் தீப்பிடிக்கும்.

உறைந்த பொடியில் பாதியை ஒவ்வொரு நேரத்துக்கும் ஒதுக்கி, கழித்தல் 80 டிகிரியிலேயே வைத்திருங்கள். கூட்டுத்தொகை ஆறு நேரத்துக்கும் ஒத்துவரும் வரை அதைத் தொடாதீர்கள். ஒத்துவராத ஒரு நேரத்தை மட்டும் மறுபடி அளந்து பார்க்க அந்தப் பொடி வேண்டும், அதே ஆட்டை மறுபடி அறுக்க முடியாது.